தனக்கென்று வைத்திருந்த பலகை

"புடி, புடி, அந்தப் பக்கம் எழும்புது பாரு!"

ஹென்றி போட்ட சத்தத்தில் டெல்பின் பல்லிடுக்கில் கவ்வியிருந்த குண்டூசிகளைத் துப்பிவிட்டு ஓடிவந்தாள். உடம்பு பாரத்தை மொத்தமாகக் கொடுத்துச் சவப்பெட்டியின் மூடியை அழுத்தினாள். கீலில் திருகாணி பாதி ஏறி நின்றுவிட்டது. ஹென்றி முழு மூச்சையும் பிடித்துத் திருகினார். அவர் நெற்றி வியர்வை மூக்கு நுனியில் நின்று ஆடி, பலகையில் சொட்டியது.

"கரண்ட் இல்லியாம். ஐஸ் பெட்டி ஓடலியாம். பாடியை காலையிலேர்ந்து சும்மா வெச்சிக்கினு கீறாங்க," என்றார். "நாலு மணிக்கு பரங்கிமலையில அடக்கம். ஜல்தி, ஜல்தி."

வெளியே மழை விடுவதாக இல்லை. லஸ் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் முழங்கால் தண்ணீர். கடையும் வீடும் ஒரே கூரை. முன்னால் பெட்டி, பின்னால் சட்டி என்று டெல்பினே சொல்லிச் சிரிப்பாள். முன்னறையில் ஹென்றி மரம் இழைப்பார். டெல்பின் பெட்டிக்குள்ளே பஞ்சு வைத்து, வெள்ளை சாட்டின் போர்த்தி, ஓரத்தில் சுருக்கம் சுருக்கமாக ஃப்ரில் தைப்பாள். மயிலாப்பூர், சாந்தோம், அடையாறு வரை கிறிஸ்தவ வீட்டுச் சாவு என்றால் ஹென்றி கடைப் பெட்டிதான். கல்யாண கவுன் தைக்கிறவளுக்குக்கூட இப்படிச் சுருக்கம் விழாது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டு அவளுடைய வெறும் கழுத்தைப் பார்ப்பார்கள்.

டெல்பினுக்கு முப்பத்தெட்டு முடிந்துவிட்டது.

மூடி அடங்கியது. அப்போதுதான் அவள் பலகையைச் சரியாகப் பார்த்தாள். பார்த்ததும் கை நின்றது.

"அப்பா. இது உன் பலகை இல்ல?"

ஹென்றி அடுத்த திருகாணியைத் தேடிக் குனிந்தார்.

பரணில் கிடந்த தேக்கு அது. எந்தக் காலத்திலோ ஒரு பழைய பங்களாவை இடித்தபோது வாங்கி, வருஷா வருஷம் எண்ணெய் பூசிப் பாதுகாத்து வைத்திருந்தார். எத்தனையோ பெரிய மனிதர்களின் வீட்டிலிருந்து வந்து கேட்டும் கொடுத்ததில்லை. "அது எனக்கு. அதுல நான்தான் படுப்பேன்" என்பார். பெட்டி செய்கிறவன் தன் பெட்டிக்கு மரம் எடுத்து வைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். அதை இன்னொருத்தனுக்கு அறுப்பது வழக்கமில்லை.

"யாருப்பா செத்தது?"

"தாமஸுன்னு ஒருத்தரு. ஈக்காட்டுத்தாங்கல்."

"தெரிஞ்சவரா?"

"வேற மரம் ஈரமா கீது. மழைல எங்க போய் வாங்கறது? நீ தச்சி முடிம்மா. பேசிக்கினே இருந்தா வேலை ஆவுமா?"

பின்னறையிலிருந்து அம்மா மர்சலின் எட்டிப் பார்த்தாள். கையெல்லாம் ரொட்டித்தூள். கட்லெட் உருட்டிக்கொண்டிருந்தாள். "இன்னுமா அது வாசல்ல கீது? ஆறு மணிக்கு பெரம்பூர்க்காரங்க வந்துடுவாங்க. அதுங்க கண்ணுல இது பட்டுச்சின்னா அவ்ளோதான். போன தபா அந்த வேளச்சேரி மாப்ள அம்மா இன்னா சொன்னா? 'பொண்ணு லட்சணமா இருக்கா, வாசல்தான் லட்சணமா இல்லை'ன்னா."

"அதுக்கு முன்னாடி வந்தவ செருப்பையே கழட்டலம்மா," என்றாள் டெல்பின்.

"சிரி, நல்லா சிரி. இந்தத் தபா பாரு. நார்பர்ட்டு தம்பி ரயில்வேல கீறாரு. பொண்டாட்டி போயி ரெண்டு வருஷம் ஆவுது, புள்ள குட்டி இல்ல. தினம் பூசைக்குப் போற குடும்பம். நான் சொன்னேன் இல்ல? ஆண்டவருக்குன்னு ஒரு நேரம் கீது. நாம அவசரப்பட்டா ஆவாது. காத்துக்கினு இருந்தோம், குடுத்துட்டாரு."

மர்சலின் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். நெற்றியிலும் மார்பிலும் ரொட்டித்தூள் ஒட்டியது.

டெல்பின் ஊசியில் நூல் கோத்தாள். ஆண்டவர் நேரம். பன்னிரண்டு வருஷமாக அவள் சாப்பிடுகிற சோறு இதுதான். முதல் நான்கைந்து வருஷம் நம்பிச் சாப்பிட்டாள். பிறகு பழக்கத்துக்குச் சாப்பிட்டாள்.

கைப்பிடி பொருத்த ஹென்றி மேல் அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே பழந்துணியில் சுற்றிய பித்தளைக் கைப்பிடிகள். நுனியில் சின்னதாகத் திராட்சைக் கொத்து. டெல்பின் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவினாள்.

அந்தக் கொத்தை யார் கடைந்தது என்று அவளுக்குத் தெரியும்.

சித்தார்த்தன். ஈக்காட்டுத்தாங்கலில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தவன். வீடு சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசை, சுவரில் சாமி படம் எதுவும் கிடையாது. மாதத்துக்கு ஒரு முறை சாக்குப் பையில் கைப்பிடியும் சிலுவையும் போட்டுக்கொண்டு வருவான். அந்த வாசல் நிலையில் குனியாமல் நுழைய முடியாத உயரம். குனிய மறந்து இடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்கு வர்றவன் தலையிலேயே அடிச்சுடறீங்களே, பிசினஸ் பெருகவா?" என்பான். அவள் சிரித்துவிட்டாள். அங்கே ஆரம்பித்தது.

மர்சலின் கண்டுபிடித்தபோது கத்தவில்லை, அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள்: "நல்ல பையன்தான். ஆனா ஞானஸ்நானம் வாங்காதவன். சாமியே இல்லாத ஊட்ல நீ எப்பிடிம்மா ஜெபமாலை சொல்லுவே? நாம சாந்தோம்ல பரம்பரை பரம்பரையா வேதக்காரங்க. அவன் வேதத்துக்கு வரட்டும், நான் கைய புடிச்சி குடுக்கறேன்." டெல்பின் அதை அப்படியே அவனிடம் சொன்னாள். அவன் காலிச் சாக்குப் பையை மடித்தான். "சரி, யோசிக்கிறேன்" என்றான். யோசித்தான் போலிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக வருவது குறைந்தது. ஒரு வருஷம் கழித்து, ஈஸ்டருக்குப் பிறகு, வரவே இல்லை. போன் நம்பரும் மாறிவிட்டது.

ஒரு கை தண்ணீர். எனக்காக அவன் அதைத் தலையில் வாங்கிக்கொள்ளக்கூட நான் தகுதியில்லையா என்று அவள் கொஞ்ச நாள் அழுதாள். பிறகு அழுகையும் பழகிவிட்டது.

"இந்தக் கைப்பிடியா போடற?" என்று கேட்டாள்.

"இருந்தது. போடறேன்," என்றார் ஹென்றி, அவள் முகத்தைப் பார்க்காமல். "மூடில பேர எழுதிடும்மா. 'தாமஸ்' போதும்."

"இனிஷியல்?"

"வேணாம்."

அவள் கறுப்புப் பெயிண்டைத் தொட்டு மூடியில் அழகாக எழுதினாள். தாமஸ். எழுதி முடித்து ஊதியபோது பின்னால் ஹென்றி "ஐயோ சேசுவே!" என்றார்.

உளி சறுக்கி இடது உள்ளங்கையைப் பிளந்திருந்தது. அவர் கையில் உளி சறுக்கி அவள் பார்த்ததே இல்லை. ரத்தம் சாட்டினில் பட்டுவிடும் என்று அந்த நிலையிலும் கையைத் தூரமாக நீட்டிக்கொண்டு நின்றார். மர்சலின் ஓடிவந்து துண்டைக் கிழித்துக் கட்டினாள்.

"தையல் போடணும் இது. கைய தூக்கிப் புடி. நீ எங்கியும் போவாத."

"நான்தான் போவணும்," என்றார் ஹென்றி. "பெட்டியோட நான் போவணும்."

"எந்த உலகத்துல கீற நீ? டெல்பினு போய்ட்டு வரட்டும். எப்பவும் அவதானே தலகாணி வெச்சி சரி பண்றா."

"அவ வேணாம்!"

அந்தக் குரலில் இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஹென்றி குரலை இறக்கிக்கொண்டார். "மாப்ள ஊட்டுக்காரங்க வர்ற நாளு. சாவு ஊட்டுக்கு எதுக்கு..."

"சாவு ஊட்டுத் துட்டுலதான் வளந்தா," என்றாள் மர்சலின். "முதல்ல இது என் வாசல உட்டுப் போவட்டும். டெல்பினு, போய் வெச்சிட்டு, நேரா வந்து குளிச்சிட்டு, அந்த மெரூன் புடவையக் கட்டு. புகழு! ஏய் புகழு!"

வண்டிக்காரன் புகழேந்தி டீ கிளாஸோடு நனைந்து நின்றான். "தோ ரெடி யக்கா. ஆனா ஒண்ணு, டி.நகர் பக்கம் போவ முடியாது. சப்வேல வண்டி மெதக்குது. கோட்டூர்புரம் பாலம் வழியா உட்டுடறேன். பெட்டி தேக்கா? அட, தண்ணில போனாகூட படகாட்டம் போவும், கவலப்படாத."

பெட்டியைத் தூக்கி மினி வேனில் ஏற்றினார்கள். டெல்பின் பின்னால் ஏறி, முடிக்காத ஒரு பக்க ஃப்ரில்லை மடியில் போட்டுக்கொண்டாள். வண்டி நகரும்போது ஹென்றி தண்ணீரில் இறங்கி வந்து கதவைப் பிடித்தார்.

"பெட்டிய எறக்கிட்டு வந்துடு. உள்ள போவாத. தலகாணியெல்லாம் அவங்களே வெச்சிக்குவாங்க. கேட்டியாம்மா? உள்ள போவாத."

"ஏம்ப்பா?"

அவர் வாயைத் திறந்தார். மழை உள்ளே விழுந்தது. மூடிக்கொண்டார்.

கோட்டூர்புரம் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தது. கீழே அடையாறு கரை தெரியாமல் பழுப்பாக ஓடியது. ஒரு பிளாஸ்டிக் குடமும் யார் வீட்டுக் கதவோ ஒன்றும் ஜோடியாக மிதந்து போயின.

"இன்னா யக்கா, நைனா இன்னிக்கி ஒரு மாதிரி கீறாரு?" புகழேந்தி கண்ணாடியில் பார்த்தான். "காலைல ஃபோன் வந்துச்சி பாரு, எடுத்து 'எப்போ?'ன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டாரு. அப்பிடியே குந்திட்டாரு. அளவு கூட கேக்கல. 'ஆறு அடி ரெண்டு அங்குலம், நான் பாத்துக்கறேன்'ன்னு வெச்சிட்டாரு."

"அவங்க சொல்லியிருப்பாங்க."

"சொல்லல யக்கா. நான் பக்கத்துலதானே நிக்கறேன்."

டெல்பின் ஊசியைத் துணிக்குள் இறக்கினாள். வண்டி ஒரு பள்ளத்தில் குதித்தது. ஊசி விரலில் ஏறியது. விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே எதிரில் இருந்த பித்தளைத் திராட்சையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈக்காட்டுத்தாங்கலில் ஆயிரம் பேர் இருப்பார்கள். உயரமானவர்களும் இருப்பார்கள். அவர்களில் தாமஸ் என்று பேர் வைத்தவனும் ஒருத்தன் இருப்பான். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஈக்காட்டுத்தாங்கலில் அந்தச் சந்துக்குள் வண்டி போகவில்லை. முனையில் நிறுத்தி, நான்கு ஆட்களைப் பிடித்துத் தோளில் தூக்கிப் போனார்கள். வீடு என்று ஒன்றும் இல்லை. தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. வாசலில் முக்காடு போட்ட ஒரு கிழவி பெஞ்சுகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சந்து ஜைதூன் பீ என்று பிறகு தெரிந்தது.

"வா பேட்டி, வா மவளே. ஜாக்கிரதையா வா, கால்ல ஒயர் கெடக்குது. கரண்ட் இல்ல. நம்ம ஊட்டு ஆளுங்கதான் ஐஸ் வாங்கியாந்து வெச்சாங்க. நல்ல பையன், பாவம். ஒரு நாள் நம்மள பாத்து மூஞ்ச திருப்பினதில்ல."

உள்ளே போவாத என்று அப்பா சொன்னது காதில் இருந்தது. டெல்பின் ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள்.

தார்ப்பாய் போட்டு மூடிய லேத்துக்குப் பக்கத்தில் நீளமான பலகை. அதன் மேல் அவன். பாதம் பலகையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தலைமுடியே இல்லை. கன்னம் ஒட்டி, மூக்கு கூர்ந்து, தோல் மெழுகு மாதிரி. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற உடம்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ பேரைப் பெட்டியில் வைத்திருக்கிறாள். இடது புருவத்துக்கு மேல் ஒரு பழைய தழும்பு.

அவர்கள் வீட்டு வாசல் நிலை இடித்த தழும்பு.

அவள் கையில் இருந்த துணியை மடித்தாள். மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"நீங்க பெட்டிக்காரங்களா?" ஒரு பெண் எழுந்து வந்தாள். அழுது வீங்கிய கண். "நான் தங்கச்சி. அன்புச்செல்வி. பெரும்பாக்கத்துலேர்ந்து வர்றேன். ஆத்தோரத்துல எங்க ஊட்ட இடிச்சி அங்க போட்டாங்க. இவரு வரமாட்டேன்னுட்டு பட்டறையிலயே இருந்துட்டாரு. நம்ம ஜனம் ஒருத்தர் வரல பாருங்க. வேதத்துல சேந்துட்டான், அவங்க ஆளுங்களே தூக்கட்டும்ன்ட்டாங்க. அவங்க ஆளுங்க எங்க? ஃபாதர் ஒருத்தர் வர்றேன்னாரு. அவ்ளோதான்."

"இவர்... தாமஸா?"

"ஞானஸ்நானப் பேரு. எங்களுக்கு சித்தார்த்தன்தான்."

"எப்போ? எப்போ வாங்கினார்?"

"ஆச்சி. பதினோரு பன்னண்டு வருஷம் இருக்கும். ஒரு வருஷம் முழுக்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கிண்டி கோயில்ல போய் வேதம் படிச்சாரு. ஜபமெல்லாம் மனப்பாடம் பண்ணுவாரு. நான் கேட்டுக் கேட்டு எனக்கே பாதி வரும். ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி தண்ணி ஊத்தினாங்க. புது வெள்ள சட்ட போட்டுக்கினு வந்து நின்னாரு. கல்யாண மாப்ள கணக்கா இருந்தாரு."

டெல்பின் லேத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இரும்பு ஜில்லென்றிருந்தது.

வாங்கியிருக்கிறான். அந்த ஒரு கை தண்ணீரை வாங்கியிருக்கிறான்.

"தூக்கலாமா யக்கா?" புகழேந்தி அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "இன்னா ஆச்சி?"

"இன்னும் ஒரு பக்கம் தைக்கணும். இரு."

பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டுத் தைக்க ஆரம்பித்தாள். மழை இருட்டு. ஜைதூன் பீ செல்போன் விளக்கைப் பிடித்தாள். சுருக்கம், இழு, குத்து. சுருக்கம், இழு, குத்து. கை தன்பாட்டுக்கு ஓடியது. அன்புச்செல்வி அருகில் உட்கார்ந்து ஃப்ரில்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"இத சொல்வாரு. மயிலாப்பூர்ல பெட்டிக்குள்ள ஃப்ரில்லு வைக்கிற ஒரு பொண்ணு கீது, அதுல படுத்தா சாவறதுகூட சொகமா இருக்கும்னு கிண்டல் பண்ணுவாரு. ஆஸ்பத்திரில கூட சொன்னாரு. பெட்டி அங்கதான் வாங்கணும்னு." நிறுத்தினாள். டெல்பினின் விரல்களைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். "நீங்கதானா அது? டெல்பினு?"

டெல்பின் தலையசைத்தாள்.

அன்புச்செல்வி ஃப்ரில்லிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, கோபமில்லாமல், அலுப்போடு சொன்னாள்: "உங்களுக்குக் கல்யாணம் ஆயிருக்கும்னு நெனச்சேன்."

"ஆகல."

"அவருக்கும் ஆகல. நாங்க எத்தினி பொண்ணு பாத்தோம்! 'நான் கோயில்ல சேந்தவன், கோயில்ல சேந்த பொண்ணுதான் வேணும். ஆண்டவர் நேரம் வரும்மா, அவசரப்படாத'ம்பாரு. கோயில்ல சேந்தவங்க வந்து பட்டறையப் பாத்துட்டு, சாதியக் கேட்டுட்டு, டீ குடிக்காம போயிடுவாங்க. ரெண்டு பக்கமும் இல்லாம பூட்டாரு. கடைசில வயித்துல கட்டி வந்துச்சி. அப்பவும் காத்துக்கினு இருந்தாரு."

டெல்பினுக்கு நூல் அறுந்தது. மறுபடி ஊசியில் கோத்தாள். "ஞானஸ்நானம் வாங்கிட்டு ஏன் என்கிட்ட வரல? நான் இருந்தேனே. அந்த வாசல்லதானே இருந்தேன். ஏன் வரல?"

"எப்பிடி வருவாரு?" அன்புச்செல்வி நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "தங்கச்சி முறை ஆயிட்டீங்களே."

"என்ன முறை?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க. தண்ணி ஊத்தறப்ப எங்கண்ணனுக்கு ஞானத்தகப்பனா நின்னது உங்க அப்பாதானே? தோளு மேல கைய வெச்சிக்கினு பக்கத்துல நின்னாரே, நான் பாத்தேனே. அடுத்த வாரம் உங்க ஊட்டுக்குப் பொண்ணு கேக்க வந்தாரு. நீங்க ஊட்ல இல்ல. உங்கம்மாதான் சொன்னாங்களாம். 'ஞானத்தகப்பனுக்கு நீ மகன்னா, அவ உனக்கு ஞானத் தங்கச்சி. சொந்தத் தங்கச்சிய விட ஜாஸ்தி. கோயில்ல தாலி கட்ட மாட்டாங்க, நெனச்சாலே சாவான பாவம்'ன்னு. அன்னிக்கி வந்து இந்த லேத்துக்கிட்ட குந்தினவருதான். 'போச்சி செல்வி, தெரியாம தங்கச்சிய ஆசப்பட்டுட்டேன்'னு சொல்லி சொல்லி அழுதாரு."

செல்போன் விளக்கு ஆடியது. ஜைதூன் பீக்குக் கை வலித்திருக்க வேண்டும்.

ஷட்டருக்கு வெளியே குடையை மடிக்கும் சத்தம். கிண்டிக் கோயிலின் இளம் சாமியார், ஃபாதர் ஜெரோம், வெள்ளை அங்கியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். ஞானத்தகப்பன், தங்கச்சி என்று பாதிப் பேச்சு அவர் காதில் விழுந்திருந்தது.

"யார் அப்படிச் சொன்னது?" என்றார். "ஞானத்தகப்பன் மகளைக் கட்டக் கூடாதுன்னு திருச்சபைல ஒரு சட்டமும் இல்லையே. பெரியவங்க சிலபேர் அப்படிச் சொல்லிக்குவாங்க. கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கறதுக்கு முன்னாடி சாமியார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாரே. யாருக்கு இது, உறவுக்காரங்களுக்கா?"

கூரைத் தகரத்தில் மழை அடித்தது.

டெல்பின் கடைசித் தையலைப் போட்டாள். நூலைப் பல்லால் கடித்தாள். புகழேந்தியும் மற்றவர்களும் தூக்கிப் பெட்டியில் வைத்தார்கள். அளவு மயிரிழை பிசகவில்லை. அவள் தலையைத் தூக்கித் தலையணையை அடியில் செருகினாள். அந்தத் தலை அவள் உள்ளங்கையில் இருந்தது அவ்வளவு நேரம்தான், ஒரு தலையணையைச் செருகுகிற நேரம். கழுத்துக்குக் கீழே ஃப்ரில்லை இழுத்துச் சரிசெய்தாள். ஃபாதர் ஜெபம் சொன்னார். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லாததால் ஒவ்வொன்றுக்கும் டெல்பினே பதில் சொன்னாள். பாதி ஜெபத்தில் அன்புச்செல்வியும் சேர்ந்துகொண்டாள். அண்ணன் மனப்பாடம் செய்ததைக் கேட்டுக் கேட்டு வந்த ஜெபம்.

மூடியைச் சாத்தும்போது மேலே எழுத்து பளபளத்தது. பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை.

பரங்கிமலைக்கு அவளும் போனாள். மண் சேறாக இருந்தது. குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் வாளியால் இறைத்துக் கொட்டக் கொட்ட ஊறியது. கடைசியில் அந்தத் தண்ணீருக்குள்தான் இறக்கினார்கள். தேக்கு ஒரு கணம் மிதந்தது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து அமிழ்ந்தது. புகழேந்தி படகு என்று சொன்ன தன் வாயை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா. அம்மா. அம்மா.

வீடு திரும்பியபோது தெருவிளக்கு எரிந்துவிட்டது. சந்தில் தண்ணீர் கொஞ்சம் வடிந்திருந்தது. வாசலில் புதிய செருப்புகள் வரிசையாக. உள்ளே கட்லெட் வாசனையும் பேச்சுச் சத்தமும். மர்சலின் குரல் எடுப்பாகக் கேட்டது.

"கோயில் வேலையா போயிருக்கா, வந்துடுவா. உங்களுக்குச் சொல்றதுக்கு இன்னா, எத்தனையோ இடம் வந்துச்சி. நான் ஆண்டவர் கைல உட்டுட்டேன். அவரு நேரம்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

"வாஸ்தவம்தாங்க," என்றது ஒரு ஆண் குரல். சாந்தமான, நல்ல குரல். நார்பர்ட்டாக இருக்கும்.

டெல்பின் வீட்டுக்குள் போகவில்லை. பட்டறைப் பக்கம் திரும்பினாள். இருட்டில், தேக்கு அறுத்த தூள் குவியலுக்குப் பக்கத்தில், மரம் வைத்து அறுக்கும் முட்டுக்கட்டையில் ஹென்றி உட்கார்ந்திருந்தார். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்திருந்தார். அவள் காலில் அப்பியிருந்த கல்லறைச் சேற்றைப் பார்த்தார். கேட்க வேண்டியது ஒன்றும் இல்லாமல் போயிற்று.

"மண்ணு போட்டியா?" என்றார்.

"போட்டேன்."

"நான் போட்டிருக்கணும். என் புள்ள அவன்."

"அவன் உன் புள்ளன்னா நான் யாருப்பா?" அவள் குரலை உயர்த்தவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். "அந்த ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை ராத்திரி, பெட்டி டெலிவரின்னு சொல்லிட்டுப் போனியே. அதுதானா அது?"

ஹென்றி தலையை ஆட்டினார்.

"அப்படி ஒரு தடையே இல்லையாம்ப்பா. ஃபாதர் சொன்னார். எந்தச் சட்டத்துலயும் இல்லையாம். அவன் என்னைக் கட்டியிருக்கலாம். அடுத்த மாசமே கட்டியிருக்கலாம்."

ஹென்றியின் வாய் திறந்தது. கண் அவள் முகத்தில் எதையோ தேடியது. அவள் பொய் சொல்கிறாள் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்பது போல. பிறகு, மரத்திலிருந்து ஆணியைப் பிடுங்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்தது.

"இல்லியா?"

"இல்ல."

"அப்போ சும்மாவா? அத்தனையும் சும்மாவா?"

"தெரியாமத்தான் நின்னியாப்பா? நல்லது பண்றோம்னு நெனச்சிப் போய் நின்னுட்டு, அப்புறம் அம்மா சொல்லித்தான் இப்படி ஆயிடுச்சின்னு தெரிஞ்சிச்சா? அப்படித்தானே? அப்படின்னு சொல்லுப்பா."

உள்ளே மர்சலின் கூப்பிட்டாள். "டெல்பினு? வந்துட்டியாம்மா? தோ வந்துட்டா பாருங்க..."

ஹென்றி நல்ல கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். காலையிலிருந்து திறந்து திறந்து மூடிய வாய் கடைசியில் பேசியது.

"தண்ணி வாங்கப்போறேன்னு அவன் உனக்குச் சொல்றதுக்கு முன்னாடி என்கிட்டதான் சொன்னான். உங்கம்மாதான் நிக்கச் சொன்னா. 'வேணாம்னு சொன்னா புள்ள மனசு உடையும். தண்ணி ஊத்திட்டா மட்டும் ஆத்தோரத்துப் பையன் நம்ம ஆளு ஆயிடுவானா? நீ போய் ஞானத்தகப்பனா நில்லு. அதோட அவ அவனுக்கு தங்கச்சி. அப்புறம் ஆண்டவரே கதவ மூடினாருன்னு ரெண்டு பேரும் நெனச்சிக்குவாங்க'ன்னா. எல்லாம் தெரிஞ்சிதான்மா போய் நின்னேன்."